சுண்ணாம்பில் வெந்த வாய்

22.01.1986 புதன், நெடுந்தீவு

இன்று பதினொரு பிள்ளைகள். நான்கு பல் அடைப்பு, மூன்று பிடுங்கல், மிச்சம் முழுக்க அழுகை. பல் குடைகிற மிதி இயந்திரத்தின் பட்டி இரண்டு தரம் கழன்றது. பாடசாலைப் பல் தாதியாகப் பதினாறு வருடம். இந்த இயந்திரத்தை மிதித்த மிதிக்குச் சைக்கிளை மிதித்திருந்தால் கொழும்புக்குப் பத்துத் தரம் போய் வந்திருப்பேன்.

கடைசியாக மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு தாய் யோகம்மா வந்தார். ஆடுகிற பால்பல். நான் தொடுவதற்கு முன்னமே பிள்ளை ஊரைக் கூட்டியது. யோகம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்து சிரிக்கிற ஆள். யன்னல் வெயில் நேரே வாய்க்குள் விழுந்தது. இடது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒன்று.

“யோகம்மாக்கா, அதென்ன உள்ளுக்கு?”

“அது சுண்ணாம்பு கூடி வெந்தது மிஸ்ஸி. மாறிப்போம்.”

“எப்ப வெந்தது?”

“கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னம்.”

இரண்டு மாதம்! சுண்ணாம்பில் வெந்தால் ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை. வாய்த்தோலைப்போல் கெதியாக ஆறுகிற தோல் உடம்பில் வேறெங்கும் இல்லை. பிள்ளையை இறக்கிவிட்டுத் தாயை அந்தச் சின்னக் கதிரையில் இருத்தினேன். முழங்கால் நாடியில் முட்ட இருந்தார். பஞ்சால் துடைத்தேன், வெள்ளை வரவில்லை. ஒரு ரூபாய்க் காசுக் குற்றியளவு. நடுவில் வெள்ளையும் இல்லை, மொத்தமாகச் சிவப்பு. விரலால் தடவினால் ஓரம் கொஞ்சம் தடிப்பு.

“நோகுதோ?”

“ஒரு நோவுமில்லை.”

நோகவில்லை என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. புகையிலையும் வெற்றிலையுமாக மடித்து அந்த இடத்தில்தான் அடக்கி வைத்துக்கொண்டு படுப்பாராம். இருபது வருடப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை அக்கரையிலிருந்து பல் டொக்டர் வருகிறார். கட்டாயம் வந்து காட்டச் சொன்னேன்.

24.01.1986 வெள்ளி

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

யோகம்மா தோய்த்து மடித்த சேலையோடு வந்தார். டொக்டருக்கு முன்னால் வாய் மணக்கக் கூடாது என்று கராம்பும் ஏலமும் வைத்துப் புதிதாக ஒரு வாய் வெற்றிலை போட்டு, நன்றாகச் சப்பித் துப்பிவிட்டு வந்திருக்கிறார். மரியாதையாம்! வாய் முழுக்கச் செக்கச்செவேல். நான் பார்த்த அந்தச் சிவப்பு எங்கே, வெற்றிலைச் சிவப்பு எங்கே என்று ஆராலும் பிரிக்க முடியாது. நான் பக்கத்து அறையில் ஒரு பிள்ளையின் வாய்க்குள் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஓடி வருவதற்குள் பார்த்து முடிந்துவிட்டது. அரை நிமிடம்.

“சுண்ணாம்பு. வெத்திலையைக் குறையுங்கோ” என்றார் டொக்டர்.

இரண்டு மாதமாக ஆறவில்லை, வாயைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

“நீர் பிள்ளையளின்ர பல்லைப் பாரும். பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்டவைக்கு வாய் இருக்கெண்டு நீர் நினைக்கவே தேவையில்லை.”

யோகம்மா எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் இன்னும் எரிகிறது.

25.01.1986 சனி

நினைக்கத் தேவையில்லையாம்!

மகரகமவில் படித்த இரண்டு வருடமும் புற்றுநோய் ஆசுப்பத்திரி எங்களுக்குக் கிட்ட. பஸ் தரிப்பில் நிற்கும்போது வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் ஒரு நாள் ஆரோ “சுண்ணாம்பு” என்று சொல்லக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களாகத்தான் இருக்கும்.

அவர் சொல்வது சரியென்றே வைத்துக்கொள்வோம். சுண்ணாம்பென்றால் சுண்ணாம்பை நிறுத்தினால் ஆறவேண்டும். பதினாலு நாள் வெற்றிலை வாயில் படக்கூடாது. முடிவில் அந்த இடம் தானே சொல்லும். அதற்கு டொக்டரின் கையெழுத்து வேண்டியதில்லை.

27.01.1986 திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் யோகம்மா வீட்டுக்குப் போனேன். கல்மதிலுக்கு மேலால் மாடு என்னை எட்டிப் பார்த்தது. புருஷன் மார்க்கண்டர் பனையோலை அடுக்கிக்கொண்டு நின்றார். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம் என்கிற மனிதர்.

பதினாலு நாள் என்றதும் யோகம்மா கையை விரித்துவிட்டார்.

“சோத்தை விடச் சொல்லுங்கோ, விடுறன். இதை விட ஏலாது மிஸ்ஸி. தலை வெடிக்கும்.”

“வெடிச்சா நான் வந்து பொருத்திவிடுறன்.”

அப்போது மார்க்கண்டர் காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்து ஓலைக்குள் எறிந்துவிட்டு, “நானும் விடுறன்” என்றார். உடனே யோகம்மாவும் நயினை அம்மாள்மேல் சத்தியம் பண்ணினார்.

பிறகு ஒன்று கேட்டார். அடுத்த கிழமைப் புதன் தாண்டித் தொடங்கினால் என்ன? மூத்த மகளின் சம்பந்தப் பேச்சாம், அன்று நாலு பேர் கூடுவார்களாம். நான் ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். “இப்பவே ரெண்டு மாசம் போட்டுது. நாளைக்கே தொடங்குங்கோ” என்றேன்.

மகளைக் கேட்டு வருவது என் வீட்டுக்காரி சின்னாச்சியக்காதான். சங்கக்கடையில் வேலை செய்கிற அவருடைய மகனுக்கு. அந்த வீட்டின் பக்கத்து அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

30.01.1986 வியாழன்

மூன்றாம் நாள். யோகம்மா மாட்டை ஏசினார், மதிலை ஏசினார், என்னைக் கண்டதும் என்னையும் ஏசினார். வாயில் சீரகம். மார்க்கண்டர் வெறும் ஈர்க்கைப் பல்லில் கடித்துக்கொண்டு திரிகிறார். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் உயிரோடு இருப்பதே பெரிய காரியம்.

02.02.1986 ஞாயிறு

காரைநகரிலிருந்து தங்கச்சியின் கடிதம். தாரமிழந்த ஒருவர் இருக்கிறாராம், நல்ல இடமாம், முப்பத்தெட்டு வயதில் இதற்குமேல் யோசிக்கக் கூடாதாம். அவருக்குப் பல் எப்படி என்று கேட்டுப் பதில் போட்டேன்.

05.02.1986 புதன்

என் பிடிவாதத்தால் ஒரு பிள்ளையின் கலியாணத்தில் மண் விழுந்தது. எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பின்னேரம் சின்னாச்சியக்கா வீட்டில் இரண்டு பகுதியும் கூடியது. நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். எல்லாம் பேசி ஒப்பேறிவிட்டது. தட்டம் வந்தது. வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, பூ. தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வதென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் சின்னாச்சியக்கா சந்தோஷத்தில் தானே நல்ல வெற்றிலையாகப் பார்த்தெடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு பூசி, பாக்கு வைத்து மடித்து, தன் கையாலேயே யோகம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினார். இங்கே சம்பந்திகளுக்குள் அப்படித்தான். வாங்கி அந்த இடத்திலேயே வாயில் போட்டால் சொல் முடிந்தது. பிறகு எழுத்தும் தேவையில்லை, கையெழுத்தும் தேவையில்லை.

யோகம்மா கையைக் கூப்பினார். வாயைத் திறக்கவில்லை.

நீட்டின கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? எனக்கு ஒரு வருடம்போல் இருந்தது.

“என்ன யோகம்மா?”

“விரதம் அக்கா.”

“புதன்கிழமையிலை என்ன விரதம்? என்ர கை வெத்திலை வாய்க்கு ஆகாதெண்டால் நேரே சொல்லு.”

யோகம்மா என்னைப் பார்த்தார். என்ன செய்ய என்று கண்ணால் கேட்டார். நான் என்ன சொல்ல? “இவவுக்குப் புற்றுநோயாக இருக்கலாம், அதுதான் வாங்கவில்லை” என்று அந்தச் சபையில் சொன்னால் அந்தப் பிள்ளையை இந்தத் தீவில் ஆர் கேட்பார்கள்? இன்னும் நிச்சயமும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொல்கிறவள், இன்று என் வாய் பூட்டிக்கொண்டது.

ஒரு வாய் போட்டுவிட்டுத் துப்பியிருந்தால் என்ன குடியா முழுகிப்போகும்? ஒன்பதாம் நாள். ஒரு நாளை நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். புதன் தாண்டித் தொடங்கட்டா என்று அவர் கேட்டவர்தானே. கேட்டவர்தானே!

யோகம்மா பகுதி எழும்பிப் போய்விட்டது. மடித்த வெற்றிலையைச் சின்னாச்சியக்கா முற்றத்தில் எறிந்தார். கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

06.02.1986 வியாழன்

காலையில் சின்னாச்சியக்கா கதவில் வந்து நின்றார். யோகம்மாவின் கண் ஆரைத் தேடினது என்று அவர் பார்த்துவிட்டார். அந்த மனுசியின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

“நீரோ அவளுக்கு வெத்திலை போடாதையெண்டு சொன்னனீர்?”

“ஓம்.”

“ஏன்?”

“சொல்ல ஏலாது அக்கா.”

“என்ர வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு என்ர பிள்ளையின்ர காரியத்தைக் குழப்பிப்போட்டு, சொல்ல ஏலாதோ? இண்டைக்கே பெட்டியைக் கட்டும் பிள்ளை.”

கட்டினேன். கோபத்திலும் ‘பிள்ளை’ என்றுதான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அதிபர் மயில்வாகனம் மாஸ்ரர் ஒன்றும் கேட்காமல் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைத் திறந்துவிட்டார். பழைய உலகப்படம் ஒன்றைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் பாயை விரித்தேன். நல்லது. இனி வேலைக்குப் போக நாலடி நடந்தால் போதும்.

நான் பிழைவிட்டேன், நாளில். வாயில் பிழைவிடவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப மாட்டேன்.

10.02.1986 திங்கள்

பதினாலாம் நாள்.

கதிரையைக் கிழக்கு யன்னலுக்குத் திருப்பினேன். மூன்று தரம் கொப்புளிக்கச் சொன்னேன். வெற்றிலைக் கறை போன அந்த வாயை நான் முதன்முதலாக உள்ளபடி பார்த்தேன்.

வெளியில் இருந்த வெள்ளை பாதிக்கு மேல் போய்விட்டது. சுண்ணாம்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடுவில் இருந்த சிவப்பு அப்படியே. இம்மியும் அசையவில்லை. ஒரு ஓரத்தில் சின்னப் புண்ணாக உடைந்திருக்கிறது. கழுத்தையும் தாடைக்குக் கீழும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், கட்டி ஒன்றும் தட்டுப்படவில்லை. அதற்காக நயினை அம்மாளுக்கு நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

தாளில் அவருடைய வாயைப் படமாகக் கீறினேன். கன்னம், பல் வரிசை, அந்த இடம். ரூபாய்க் குற்றியை வைத்து அளவு குறித்தேன். ஜனவரி 22 எப்படி, இன்று எப்படி. இரண்டு படம்.

12.02.1986 புதன்

சொன்னேன். இருவரையும் இருத்தி, இது என்னவாக இருக்கலாம் என்று. யோகம்மா சொன்னார்: “பேரைச் சொல்லாதேங்கோ மிஸ்ஸி. விளங்கிட்டுது.”

மார்க்கண்டர் மெல்லக் கேட்டார். அவருடைய தமக்கைக்குத் தாடையில் வீங்கி, கடைசியில் நீர்க்கட்டி என்று எடுத்தார்களாம், மனுசி இன்னும் நெல்லுக் குத்துதாம். “அப்பிடி இருக்காதோ?”

இருந்தால் எவ்வளவு நல்லது! நீர்க்கட்டி எலும்புக்குள் இருந்து ஊதும், மேல்தோல் வழுவழு என்று சுகமாக இருக்கும். இது எலும்பில் இல்லை, தோலிலேயே வந்திருக்கிறது. வீக்கமே இல்லை. ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது நிச்சயம் இல்லை. ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். அதைத்தான் அவர்களுக்கும் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை டொக்டரின் கடிதம் இல்லாமல், என் கடிதத்தோடு. என் கடிதத்துக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் போகிறேன்.

18.02.1986 செவ்வாய்

நேற்றும் வள்ளம் இல்லை, இன்றும் இல்லை. நேவி விடவில்லை.

19.02.1986 புதன்

போய்ச் சேர்ந்தோம். போன வருடம் வைகாசியில் இந்தக் கடலில் வள்ளத்தை மறித்துச் சனத்தை வெட்டிக் கொன்றதற்குப் பிறகு யோகம்மா வள்ளத்தில் ஏறவேயில்லை. அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி அன்று அந்த வள்ளத்தில் போய்த் திரும்பாதவள். துறையில் வந்து நின்று, தண்ணியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மார்க்கண்டர் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டார், கூப்பிடவில்லை. கொஞ்சத்தால் யோகம்மா தானே வந்து ஏறினார். குறிகட்டுவான் வரைக்கும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

வேலணையில் பஸ்ஸை மூன்று மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். கோட்டைப் பக்கம் துப்பாக்கிச் சூடாம். இறங்கித் திரும்பிப் போவோமா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நான் அசையவில்லை.

ஆசுப்பத்திரியில் இளம் லேடி டொக்டர் ஒருவர். யோகம்மாவை இருத்திவிட்டு முதல் வேலையாக, “அம்மா, வாயை வடிவாக் கொப்புளிச்சிட்டு வாங்கோ” என்றார். அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது.

பார்த்தார். என் படத்தைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

“இதை ஆர் கீறினது?”

“நான்தான். பாடசாலைப் பல் தாதி” என்று சொல்லிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

“ரெண்டு படத்துக்கும் திகதி போட்டிருக்கிறீங்கள். நல்லது” என்றார். அவ்வளவுதான். விறைப்பு ஊசி போட்டு, சிவப்பும் வெள்ளையும் சேரும் ஓரத்தில் பயற்றங்கொட்டையளவு வெட்டிப் போத்தலில் போட்டார். முடிவு வர மூன்று கிழமை செல்லும்.

04.03.1986 செவ்வாய்

மேலிடத்திலிருந்து கடிதம். கடமை எல்லைக்கு அப்பால் வயது வந்த நோயாளியைப் பரிசோதித்தது ஏன், அனுமதியின்றி மூன்று நாள் கடமைக்கு வராதது ஏன், பதினாலு நாளுக்குள் விளக்கம் தருக.

அவர்களுக்கும் பதினாலு நாள்தான்!

மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். மயில்வாகனம் மாஸ்ரர் பணிவாக எழுதச் சொன்னார். கடைசியில் இப்படி அனுப்பினேன்: “வாய் திறந்திருந்தது. பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத என்னால் இயலாது.” கீழே பணிவாகவே கையெழுத்து வைத்தேன்.

14.03.1986 வெள்ளி

மார்க்கண்டர் அக்கரைக்குப் போய் முடிவைக் கையோடு வாங்கி வந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மடித்த தாளை என்னிடம் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புற்றுநோய். தொடக்கத்தில் இருக்கிறது, ஆழமாகப் போகவில்லை.

நான் சொன்னது சரி என்று ஒரு சொட்டுச் சந்தோஷம் வந்தது. பொய் எழுதமாட்டேன், வந்தது. அடுத்த நொடியே என்னை நானே அறையவேண்டும்போல் இருந்தது. மார்க்கண்டருக்குத் “தொடக்கம்தான், தொடக்கம்தான்” என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அவர் ஈர்க்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

இன்று வெள்ளி. டொக்டர் வந்திருந்தார். தாளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

“அண்டைக்கு வாய் முழுக்கச் சிவப்பு” என்றார்.

“வெத்திலைச் சிவப்பு டொக்டர். கொப்புளிக்கச் சொல்லியிருக்கலாம்.”

சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. பேனையை எடுத்து மகரகமவுக்குத் தானே கடிதம் எழுதினார். எழுதி முடித்து, “நோயாளியை முதலில் கண்டுபிடித்தவர்” என்று ஒரு வரி சேர்த்து, என் பெயரைக் கேட்டார். ஆறு வருடமாக இங்கே வருகிறார், சறோஜினிதேவி என்று எனக்கொரு பெயர் இருப்பது இன்றுதான் அவருக்குத் தெரியும்.

16.03.1986 ஞாயிறு

யோகம்மா செய்ததை எழுதாவிட்டால் இந்தக் கொப்பிக்கே மரியாதை இல்லை.

நாளைக்குக் கொழும்புக்குப் பயணம். இன்று காலை என்னையும் கூட்டிக்கொண்டு நேரே சின்னாச்சியக்கா வீட்டுப் படலைக்குப் போனார். உள்ளே போகவில்லை. சின்னாச்சியக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

“அக்கா, எனக்குப் புத்துநோய். வாய்க்குள்ளை. அதாலைதான் அண்டைக்கு உங்கட கையாலை வாங்கேல்லை. மிஸ்ஸியிலை பிழையில்லை, என்ர மகளிலையும் பிழையில்லை. இது ஒட்டுற வருத்தமுமில்லை. இதை ஒளிச்சு வைச்சு ஒருத்தரையும் நான் ஏமாத்த மாட்டன். சம்பந்தம் வேண்டாமெண்டால் உங்கட இஷ்டம். ஆனால் என்ர பிள்ளையை ஊருக்குள்ளை ஒரு சொல்லுச் சொன்னால், அரை வாயோடையெண்டாலும் திரும்பி வந்து கேப்பன்.”

பேரைச் சொல்லாதேங்கோ என்று என்னிடம் கெஞ்சின மனுசி! றோட்டில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று இன்னும் உரத்துச் சொன்னார்.

சின்னாச்சியக்கா மறுபடி கூட்டத் தொடங்கினார், கூட்டின இடத்தையே.

17.03.1986 திங்கள்

வள்ளம் போய்விட்டது. கிளினிக்கில் ஒன்பது பிள்ளைகள்.

16.05.1986 வெள்ளி

மார்க்கண்டரின் கடிதம். இந்த மனிதர் கடிதத்தில் பேசுவதை நேரில் பேசியதே இல்லை.

வெட்டி எடுத்துவிட்டார்களாம். உள்கன்னமும் மூன்று கடைவாய்ப் பல்லும் போச்சு. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போது கரண்ட் பிடிக்கிறார்கள், கதிர்ச் சிகிச்சை. கழுத்தில் இல்லை என்று பெரிய டொக்டர் சொன்னாராம். “கொழும்பில் குண்டு வெடித்ததால் வெளியில் தமிழ் பேசப் பயமாக உள்ளது. எனக்குப் பேசாமல் இருக்கக் கஷ்டமில்லை. அவளுக்கும் இப்போது பேச ஏலாது. ஆகவே நாங்கள் இருவரும் பத்திரமாக இருக்கிறோம். யோசிக்க வேண்டாம்.”

சிரித்தேன். பிறகு நெடுநேரம் அழுதேன்.

30.06.1986 திங்கள்

யோகம்மா வந்துவிட்டார்.

துறைக்குப் போனேன். இடது பக்கம் உள்ளே குழிந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. கஞ்சியும் கரைத்த சோறும்தான் சாப்பாடு. ‘ச’ வருவதில்லை. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு இனி இல்லை. அதை எழுதும்போது எனக்கு ஆர்மேல் என்று தெரியாத ஒரு கோபம் வருகிறது. இரண்டு மாதம் முந்திப் பார்த்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? எத்தனை தரம் என் யன்னலுக்கு முன்னால் பிள்ளையோடு வந்திருப்பார்! பிள்ளையின் பல்லைத்தானே நானும் பார்த்தேன். நானும் பன்னிரண்டு வயதோடு நிறுத்தினவள்தானே.

என் கைக்கண்ணாடியை வாங்கி முகத்தைப் பார்த்தார். “ஆள் இருக்கிறன்தானே மிஸ்ஸி” என்றார். மூன்று தரம் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது.

11.07.1986 வெள்ளி

மேலிடத்திலிருந்து பதில்: “கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர்.” நல்ல மொத்தமான தாள். பல் ஆயுதங்கள் வைக்கிற மேசை லாச்சியின் அடியில் அளவாக விரித்தேன், சரியாகப் பொருந்திவிட்டது.

வெள்ளிக்கிழமை டொக்டர் தன் அறை வாசலில் ஒரு வாளித் தண்ணியும் கோப்பையும் வைத்திருக்கிறார். மேலே பலகை: “வாயைக் கொப்புளித்தபின் உள்ளே வரவும்.”   எழுத்து நல்ல பெரிதாக இருக்கிறது.

06.08.1986 புதன்

பிள்ளைகளோடு வருகிற தாய்மாரை வாயைக் காட்டச் சொல்லி இப்போது நான் கேட்பதேயில்லை. யோகம்மா வந்து வாசல் வாங்குப் பலகையில் இருந்துவிடுகிறார். “எனக்கும் சுண்ணாம்பெண்டுதான் சொன்னவை. வாயைத் திற மோனே” என்கிறார். அந்த முகத்துக்கு முன்னால் திறக்காத வாய் இல்லை. ஒரு மாதத்தில் இருபத்தியொரு வாய். இரண்டில் வெள்ளை. அந்த இரண்டு பேருக்கும் பதினாலு நாள் கணக்குத் தொடங்கியிருக்கிறது. இந்த முறை ஆர் வீட்டிலாவது சம்பந்தப் பேச்சு உண்டா என்று முதலில் கேட்டுத்தான் தொடங்கினேன்.

03.09.1986 புதன்

காலையில் கிளினிக்கைத் திறக்கப் போனேன். படியில் சின்னாச்சியக்கா.

பெட்டியைக் கட்டச் சொன்ன நாளுக்குப் பிறகு ஏழு மாதமாக முகத்துக்கு முகம் பேசியதில்லை. வழியில் கண்டால் மதில் பக்கம் திரும்பிக்கொள்வார். இன்றும் என்னைப் பார்க்காமல் உள்ளே வந்தார். சின்னக் கதிரையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார், சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் நாடியில் முட்டியது.

“பதினாலு நாள் வெத்திலை போடேல்லை. எண்ணிப்போட்டுத்தான் வந்தனான். பாரும்.”

கதிரையைக் கிழக்கு யன்னலுக்குத் திருப்பினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அந்த வாயிடம் நான் எவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கிறேன். இடது கன்னம், வலது கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, உதட்டின் உட்பக்கம். அவசரப்படவில்லை. ஐம்பத்தெட்டு வருட வாய். பல்லெல்லாம் கறை, பல்லைச் சுற்றி முரசு வீக்கம். மற்றபடி சுத்தம்.

“ஒண்டுமில்லை அக்கா.”

கண்ணைத் திறந்தார். “வடிவாப் பாத்தனீரோ?”

“ஓம்.”

“இன்னொருக்காப் பாரும்.”

இன்னொருக்காப் பார்த்தேன். முதலில் இருந்து, ஒவ்வொரு இடமாக. அவர் இந்த முறை கண்ணை மூடவில்லை.

எழும்பி, தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். படியில் இறங்காமல் நின்றார். வெளியில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிள்ளை, என்ர கையாலை ஒரு துண்டு கற்கண்டு குடுத்தால் யோகம்மாவாலை சப்ப ஏலுமோ?”

“ஏலும் அக்கா” என்றேன். “சின்னத் துண்டாக் குடுங்கோ.”